உப்பு மழுங்கடிக்கும் உலோக நஞ்சு

எண்ணூரில் கொசஸ்தலை ஆற்று நீரும் கடல்நீரும் கலக்கும் கழிமுகத்துச் சேற்றில் ஈயம், காட்மியம், குரோமியம் எல்லாம் படிந்திருக்கின்றன. அனல்மின் நிலையச் சாம்பலுக்கும் ஆலைக் கழிவுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. இப்படிப்பட்ட உவர்ச் சேற்றிலும் பூஞ்சைகள் பிழைத்துக்கொள்கின்றன.

உப்பைத் தாங்குவதே செலவு பிடிக்கிற வேலை. வெளியில் உப்பு மிகுந்தால் செல்லிலுள்ள நீர் வெளியேறப் பார்க்கும். அதைத் தடுக்கப் பூஞ்சை கிளிசராலைத் தயாரித்து உள்ளே சேர்த்துவைக்கும். புகுந்துவிட்ட சோடியத்தை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். கடல்நீரில் உப்பு சுமார் 3.5 சதவீதம்தான். ஹோர்ட்டேயா வெர்னெக்கி என்ற கறுப்பு ஈஸ்ட் 30 சதவீதம்வரை சமாளிக்கும்!

இந்த நிலையில் காட்மியம் நுழைந்தால், புரதங்களின் கந்தக முனைகளைப் பற்றிக்கொள்ளும். துத்தநாகம் இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்து நொதியை முடக்கும். செம்பின் கதை வேறு. கொஞ்சமாக இருந்தால் சத்து, மிஞ்சினால் ஃப்ரீ ராடிக்கல்களைக் கிளப்பி செல் சவ்வை அரிக்கும்.

விளைவை, ஆய்வகத்தில் பூஞ்சை வளர்க்கும் அகர் கூழ்த் தட்டிலேயே பார்க்கலாம். பூஞ்சையின் வித்து (ஸ்போர்) முளைக்கத் தாமதமாகும், வட்டமாகப் பரவும் வளர்ச்சி குறுகும். பச்சை நிறம் காட்ட வேண்டிய ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை, வித்து கட்ட முடியாமல் வெளிறியே நிற்கும். நுண்ணோக்கியில், நேராக ஓட வேண்டிய இழைகள் முறுக்கிச் சுருண்டு கிடக்கும்.

பூஞ்சையும் சும்மா இருப்பதில்லை. செல்சுவரிலுள்ள கைட்டினும் மெலனினும் உலோகத்தை வாசலிலேயே பிடித்துக்கொள்ளும். தப்பி உள்ளே வந்ததை, கந்தகமுள்ள குளூட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறு கட்டிப்போட, அது நுண்குமிழிக்குள் அடைக்கப்படும். சில இனங்கள் ஆக்சாலிக் அமிலத்தைச் சுரந்து உலோகத்தைக் கரையாத உப்பாக்கிவிடும்.

எனக்குச் சுவாரசியமாகப் படுவது உப்பின் பங்குதான். கடல்நீரிலுள்ள குளோரைடு காட்மியத்தோடு சேர்ந்துகொள்வதால், செல்லுக்குள் எளிதில் நுழையும் தனி அயனி குறைந்து நஞ்சின் வேகம் மட்டுப்படும். செம்போடு குளோரைடு அவ்வளவு ஒட்டுவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்று நீர் பெருகினால் உலோகம் நீர்த்துப்போகும், உண்மைதான். ஆனால் குளோரைடும் குறைவதால், மிஞ்சிய காட்மியத்தில் தனி அயனியின் பங்கு கூடிவிடும்.

ஆகவே, ‘இந்தப் பூஞ்சை இத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) காட்மியத்தைத் தாங்கும்’ என்று யாராவது சொன்னால், எவ்வளவு உப்பில் என்று கேட்க வேண்டும். ஈயத்துக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: வளர்ப்பு ஊடகத்தில் பாஸ்பேட் எவ்வளவு? அதோடு சேர்ந்து ஈயம் வீழ்படிவாகிவிட்டால், நாம் கலந்த அளவு ஒன்று, பூஞ்சையின் மீது பட்ட அளவு வேறொன்று.