வாசல் ரேம்ப் எதுவரை போடலாம்?

தமிழ்நாட்டில் வீடு கட்டுபவர்கள் கடைசியாக முடிக்கும் வேலைகளில் ஒன்று, கேட்டுக்கு வெளியே போடும் ரேம்ப். கார் தட்டாமல் உள்ளே ஏற வேண்டும் என்று காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி இரண்டடி, மூன்றடி கான்கிரீட் போட்டுவிடுகிறார்கள். ஆனால் சுவருக்கு வெளியே இருக்கும் அந்த இடம் தெருவுக்குச் சொந்தமானது. நீங்கள் வாங்கிய கட்டட அனுமதி உங்கள் மனைக்குள் கட்டுவதற்கு மட்டும்தான்.

நகரங்களில் இதற்கான சட்டம், தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998. அது 2023 ஏப்ரலில்தான் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. ஊராட்சிகளுக்கு 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம். இரண்டின்படியும் தெருவில் நீட்டிக் கட்டிய ரேம்ப், படிக்கட்டு, செடித் தொட்டி எல்லாமே ஆக்கிரமிப்புதான். அகற்றச் சொல்லி நோட்டீஸ் கொடுக்க உள்ளாட்சிக்கு அதிகாரம் உண்டு. பல வருடமாக இருக்கிறது, பக்கத்து வீட்டிலும் இருக்கிறது என்பதெல்லாம் உரிமை ஆகிவிடாது.

இது வெறும் சட்டக் கெடுபிடி இல்லை. மழைநீர் வடிகாலின் மேன்ஹோல் மூடி ரேம்புக்கு அடியில் போய்விட்டால் தூர்வார முடியாது. தண்ணீர் அந்தத் தெருவிலேயே நிற்கும். நடைபாதையில் வீட்டுக்கு ஒரு மேடு என்று இருந்தால் வயதானவர்கள் வண்டிகளுக்கு நடுவே இறங்கித்தான் நடக்க வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவருக்கு அந்த வழியே கிடையாது. நடைபாதை 15 செ.மீ. உயரத்துக்கு மேல் போகக் கூடாது, வீட்டு வாசல்களிலும் அதே மட்டத்தில் தொடர வேண்டும், வண்டிதான் அதன் மேல் ஏறிப் போக வேண்டும் என்பது சாலைகளுக்கான தர விதிகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸின் வழிகாட்டுதல்.

சரி, கார் எப்படி ஏறும்? சரிவை கேட்டுக்கு உள்ளே கொண்டுவர வேண்டும். காருக்கு 1க்கு 8 என்ற சரிவு வழக்கம். அதன்படி 30 செ.மீ. ஏற 2.4 மீட்டர் நீளம் வேண்டும், 60 செ.மீ. என்றால் 4.8 மீட்டர். சக்கர நாற்காலிக்கு 1க்கு 12 தேவை, அதாவது 30 செ.மீ. ஏறவே 3.6 மீட்டர். சின்ன மனையில் இவ்வளவு இடம் கிடைக்காது. அதனால் கார் நிற்கும் இடத்தைத் தெரு மட்டத்துக்குச் சற்று மேலே வைத்து, வீட்டின் பேஸ்மட்டத்தை மட்டும் தனியாக உயர்த்துங்கள். இதைக் கடைக்கால் போடும்போதே இன்ஜினியரிடம் சொல்லிவிட வேண்டும். சரிவு தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் இன்னும் மென்மையாக்கினால் காரின் அடிப்பாகம் உரசாது. கேட்டுக்கு உள்பக்கம் குறுக்கே ஒரு சின்னக் கால்வாய் வெட்டி, மேலே இரும்பு ஜாலி போட்டால் தெருத் தண்ணீர் உள்ளே வராது.

அப்புறம், பழியை எல்லாம் வீட்டுக்காரர் மேல் போடுவதும் நியாயமில்லை. பழைய சாலையின் மேலேயே திரும்பத் திரும்பத் தார் போட்டதால் எத்தனையோ வீடுகள் பள்ளத்தில் கிடக்கின்றன. மழைக்குப் பயந்துதான் ஆட்கள் பேஸ்மட்டத்தை அவ்வளவு உயர்த்துகிறார்கள், ரேம்பும் அதனால்தான் நீள்கிறது. இதைத் தடுக்க அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு 2021 மே மாதம் துறைகளுக்குத் தெளிவாகவே அறிவுறுத்தினார்: பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே அளவுக்குத்தான் புதிய சாலை போட வேண்டும், சாலை மட்டம் உயரக் கூடாது. மில்லிங் என்று சொல்லும் வேலை இதுதான்.

உங்கள் தெருவில் சாலை போடப் போகிறார்கள் என்று தெரிந்தால் மில்லிங் உண்டா என்று வார்டு பொறியாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள். சுரண்டாமல் தார் கொட்டினால் அப்போதே புகார் செய்ய வேண்டும், காய்ந்த பிறகு பேசிப் பயனில்லை. சென்னையில் மாநகராட்சி எண் 1913. மற்ற ஊர்களில் முதல்வரின் உதவி மையம் 1100. வேலை தொடங்கும் முன் காம்பவுண்டுச் சுவரில் சாலை மட்டத்தைக் கோடு போட்டு, போட்டோ எடுத்து வையுங்கள். கேட்டுக்கும் தாருக்கும் நடுவே இரண்டு அங்குல இடைவெளி இருந்தால், அதையும் அப்போதே தாரால் நிரப்பித் தரச் சொல்லுங்கள்.