ஐ7 ஸ்டிக்கரைப் பார்த்து லேப்டாப் வாங்காதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை, என் வெப் டெவலப்மென்ட் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் ரங்கூன் பக்கத்துச் சிரியத்திலிருந்து அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தான். கையில் செகண்ட்ஹேண்ட் லேப்டாப். "ஐ7 சயா!" என்றான், முகமெல்லாம் மலர்ச்சி. (சயா என்றால் பர்மியில் ஆசிரியர்.) அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "ரெண்டு வளையலைக் கொடுத்துத்தான் வாங்கினோம். நல்ல மெஷின்தானே, சயா?"

திறந்து பார்த்தேன். ஐ7-4600யூ. 2013இல் வந்த சிப். 4 ஜிபி ரேம் (வேலை நடக்கும்போது மெஷின் பயன்படுத்தும் நினைவகம்), சுழலும் ஹார்ட் டிஸ்க், 1366-க்கு 768 புள்ளிகள் மட்டும் உள்ள திரை. சார்ஜரைப் பிடுங்கியதும் மெஷின் அப்படியே அணைந்துவிட்டது. அந்த அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது? இந்த வருடம் இப்படி வந்தவர்களில் இவன் ஐந்தாவது ஆள். ரங்கூனில் இன்னும் எத்தனை வீட்டில் நகை இப்படிப் போகுமோ என்ற ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

ஐ7 என்பது ஒரு மெஷினின் பெயர் அல்ல, வேகத்தின் அளவும் அல்ல. இன்டெல் கம்பெனி தன் சிப்களுக்கு ஒவ்வொரு தலைமுறையிலும் ஐ3, ஐ5, ஐ7 என்று வரிசை போட்டது. ஒரே தலைமுறைக்குள், ஒரே வகைக்குள் மட்டும்தான் அந்த வரிசைக்கு அர்த்தம் உண்டு. கார் வாங்கப் போனால் நம் ஆட்கள் முதலில் என்ன கேட்பார்கள்? "எந்த வருஷ மாடல்?" அதைக் கேட்காமல் யாரும் பணத்தை எடுக்க மாட்டார்கள். லேப்டாப்புக்கு மட்டும் ஏன் அந்தக் கேள்வி வாயில் வருவதில்லை?

ஸ்டிக்கரை விட்டுவிட்டு, சிப்பின் பெயரில் சிறு கோட்டுக்குப் (-) பின்னால் இருக்கும் எண்ணைப் படியுங்கள். 4600 என்றால் நான்காம் தலைமுறை. 8250 என்றால் எட்டாவது. 1215 என்றால் பன்னிரண்டாவது. அந்தத் தம்பியின் ஐ7-4600யூ-வில் இரண்டே கோர், அதாவது வேலை செய்யும் மூளை. 2017இல் வந்த ஐ5-8250யூ-வில் நான்கு. 2022இல் வந்த ஐ3-1215யூ-வில் ஆறு! ஆமாம், ஐ3-இல்தான். கடைக்காரர் "சாதாரண ஐ3" என்று ஒதுக்கி வைக்கும் மெஷின், அவர் தலையில் வைத்துக் கொண்டாடும் அந்த ஐ7-ஐத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். கடைசியில் வரும் எழுத்தையும் பாருங்கள். யூ என்றால் குறைந்த மின்சாரத்தில் ஓடுவது, ஹெச் என்றால் அதிகம் இழுப்பது. 2023 டிசம்பரிலிருந்து புதியவற்றில் பலவற்றுக்குக் கோர் அல்ட்ரா என்று பெயரே மாறிவிட்டது. ஆகவே இன்று கடையில் ஐ7 என்று மட்டும் சொல்லி ஒருவர் விற்றால், எந்த வருடம் என்று கேட்காமல் நகராதீர்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11, இன்டெலில் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறையாக ஏறும். அதற்கு முந்தியதை வாங்கினால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக்கொள்ளத் தயாராக இருங்கள். தப்பில்லை, நானே லினக்ஸில் ஒரு வகையான உபுண்டுவில்தான் வேலை செய்கிறேன்.

நம் வேலையில் மூச்சு முட்டுவது ரேமில்தான். கோட் எழுதும் விஎஸ் கோட், குரோமில் பதினைந்து டேப், கட்டும் தளத்தை மெஷினிலேயே ஓட்டிக் காட்டும் டெவலப்மென்ட் சர்வர், மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கரில் ஒரு டேட்டாபேஸ். 8 ஜிபி இதற்கே திணறும். விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் போட்டால், இருக்கும் ரேமில் பாதிவரை அது எடுத்துக்கொள்ளும். 16 ஜிபி வாங்குங்கள். முடியாவிட்டால், 8 ஜிபியோடு காலியாக ஒரு ஸ்லாட் இருக்கும் மெஷினாகப் பாருங்கள். மெலிசான மாடல்கள் பலவற்றில் ரேம் போர்டிலேயே பற்றவைத்திருக்கும், பிறகு கூட்டவே முடியாது. மேக்புக் ஏர் எம்1 வாங்குகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. சுழலும் பாகம் இல்லாத, வேகமான சேமிப்பான எஸ்எஸ்டி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஹார்ட் டிஸ்க் மட்டும் உள்ளதைத் தொடாதீர்கள்.

அடுத்து கேமிங் லேப்டாப். "கிராபிக்ஸ் கார்டு இருந்தா வெப்சைட் வேலை வேகமா நடக்கும்ல, அண்ணே?" நடக்காது, தம்பி. நாம் எழுதுவது எழுத்து. பிரவுசருக்கு வேண்டிய கிராபிக்ஸ், சாதாரண சிப்புக்குள்ளேயே இருக்கிறது. நம் ஊரில் கரண்ட் வரும் நேரம், போகும் நேரம் உங்களுக்குத் தெரியும். வீட்டில் 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் பேட்டரியில் இன்வெர்ட்டர் இருந்தால், கணக்குப்படி 1200 வாட்-அவர். ஈய பேட்டரி சீக்கிரம் சாகாமல் இருக்க வேண்டுமென்றால் அதில் பாதியைத்தான் எடுக்கலாம். யூ வகை மெஷின் கோட் எழுதும்போது 15, 20 வாட்டில் ஓடும். ஒரு விளக்கும் சின்ன ஃபேனும் போட்டாலும் மாலை முழுக்கத் தாக்குப்பிடிக்கும். கேமிங் மெஷினுக்குக் கொடுக்கும் சார்ஜரே 180 வாட், 230 வாட். அந்தச் செங்கல்லையும் சேர்த்து மூன்று கிலோவைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் நின்று வர வேண்டும்.

65 வாட் யூஎஸ்பி-சி சார்ஜிங் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நல்ல பவர்பேங்கிலேயே சார்ஜ் ஏற்றலாம். பழைய மெஷினில் பேட்டரி செத்திருந்தால் விலை பேசும்போதே புதிய பேட்டரியின் விலையைக் கழியுங்கள். சார்ஜரை நம்பியே ஓடும் மெஷினில் கரண்ட் போன நொடியில் என்ன ஆகும் தெரியுமா? என் மாணவி ஒருத்திக்கு, கோட்டின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கோப்புகள் பூஜ்ய பைட்டாகி, மூன்று வாரத்து வேலை போனது. ரிமோட்டுக்குப் புஷ் செய்திருக்கவில்லை, அதாவது இணையத்தில் பிரதி ஏற்றி வைத்திருக்கவில்லை. அன்று அவள் அழுததை என்னால் மறக்க முடியவில்லை. விண்டோஸிலேயே பேட்டரி அறிக்கை எடுக்கலாம். முதலில் எத்தனை வாட்-அவர், இப்போது எத்தனை என்று இரண்டு எண் வரும். பாதிக்குக் கீழே என்றால் அதைச் செத்த பேட்டரியாகவே கணக்கில் வையுங்கள்.

கடையிலேயே பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் வரும் மெஷினின் அடிப்படை அமைப்புப் பக்கத்துக்குள், போய்ப் பாருங்கள். கம்பெனிகள் கழித்த மெஷின்களில் பாஸ்வேர்ட் பூட்டு இருக்கலாம். அது இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். கடைக்காரர் "பிறகு எடுத்துத் தருகிறேன்" என்பார், நம்பாதீர்கள். ஜப்பான் கீபோர்டு என்றால் அட் குறி, அடைப்புக்குறிகள், மேற்கோள் குறி எல்லாம் வேறு இடத்தில் இருக்கும். கோட் எழுதுகிறவனுக்கு அது தினமும் எரிச்சல். திரை 1920-க்கு 1080 இருக்கட்டும், பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறக் கூடாது.

மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு பழைய ஆண்ட்ராய்டு போன் வாங்கி வையுங்கள். நீங்கள் கட்டும் தளத்தை இங்கே பெரும்பாலானவர்கள் அப்படிப்பட்ட போனில்தான் திறப்பார்கள்.

அந்தத் தம்பியின் மெஷினைக் கடைக்காரர் திரும்ப எடுக்கவில்லை. வகுப்பில் கிடந்த எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு, ரேமை 8 ஆக்கி, உபுண்டு ஏற்றிக் கொடுத்தேன். ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ் பழக இப்போதைக்கு ஓடும். டாக்கர் பாடம் வரும்போது என் பக்கத்தில் உட்கார்ந்து என் மெஷினில் செய்யச் சொல்லியிருக்கிறேன். தாய்மார்களே, அப்பாக்களே, பணம் கொடுப்பதற்கு முன் அந்த மெஷினின் டாஸ்க் மேனேஜர் பக்கத்தைப் படமெடுத்து, இந்த வேலை தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். யாரும் தெரியாதென்றால் ஞாயிறு காலை வகுப்புக்கு வாருங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன். வாங்கிய பிறகு வராதீர்கள், தயவுசெய்து வாங்கும் முன் வாருங்கள்.