உச்சிப்புளி மணலில் பார்ஸ்னிப் இனிக்குமா?

ராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊரான உச்சிப்புளியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். லண்டனில் இருக்கும் தங்கை கொடுத்துவிட்ட பார்ஸ்னிப் (கேரட் மாதிரி வேரைச் சாப்பிடும் சீமைக் காய்) விதையைப் புரட்டாசியில் கொல்லையில் போட்டாராம். ஒன்றுகூட முளைக்கவில்லை. "தேய்பிறையில போட்டா எப்படி முளைக்கும்?" என்கிறாராம் மாமியார்.

பிறை மேல் பழி போடுவதற்கு முன்னால் பொட்டலத்தில் எந்த வருஷம் அச்சடித்திருக்கிறது என்று பாருங்கள். பார்ஸ்னிப் விதையின் ஆயுள் ஏறக்குறைய ஒரு வருஷம்தான். புது விதைக்கே முளைவிட இரண்டு, மூன்று வாரம் ஆகும், அதுவும் மண் குளுமையாக இருந்தால். மற்றபடி கேரட்டுக்குச் சொந்தக்காரச் செடி. கல் இல்லாத பொலபொலப்பான மண்ணில் வேர் கிளைக்காமல் நேராக இறங்கும். அதற்கு உங்கள் ஊர் மணல் தோது. கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் கஷ்டம்.

சரி, எப்படியோ வேர் பிடித்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இனிக்காது. எனக்கு இந்தச் செடியைப் பிடித்துப்போனதே இந்த விஷயத்தால்தான்.

பார்ஸ்னிப் தன் சேமிப்பை வேரில் மாவுச்சத்தாக வைக்கிறது. மாவு தண்ணீரில் கரையாது, மூட்டை கட்டிய நெல் மாதிரி ஓரமாகக் கிடக்கும். குளிர் இறங்கியதும் அமைலேஸ் போன்ற நொதிகள் மூட்டையைப் பிரிக்கின்றன. வெறும் சோற்றை வாயில் அடக்கி மென்றால் தித்திக்கிறதே, அதே வேலைதான். பிரிந்த சர்க்கரை செல்லுக்குள் இருக்கும் நீரில் கரைகிறது. ஏதாவது கரைந்திருக்கும் தண்ணீர் லேசில் உறையாது: ஒரு லிட்டர் தண்ணீரில் 342 கிராம் சர்க்கரையைக் கரைத்தால் உறைநிலை ஏறக்குறைய 2 டிகிரி செல்சியஸ் இறங்கும். செல்லுக்கு வெளியே பனிக்கட்டி உருவாகி நீரை உறிஞ்சும்போதும், சவ்வு சிதையாமல் சர்க்கரை முட்டுக் கொடுக்கிறது. ஆக, இங்கிலாந்துக்காரர்கள் ருசித்துச் சாப்பிடும் அந்த இனிப்பு, செடி தன் உயிருக்காகப் போட்டுக்கொண்ட கம்பளி.

மார்கழி ராத்திரியிலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்க யோசிக்கும் கடற்கரையில் கம்பளி எதற்கு?

ஆனால் குறுக்குவழி உண்டு. பிடுங்கிய வேரை ஃப்ரிட்ஜில் இரண்டு வாரம் வையுங்கள், வேர் அதைப் பனிக்காலம் என்று நம்பிவிடும். ஃப்ரிட்ஜில் கிடந்த உருளைக்கிழங்கு அசட்டுத் தித்திப்பாகி, வறுத்தால் சீக்கிரம் கருகுவதும் இதனால்தான். இலையைக் கிள்ளும்போது மட்டும் கையை மூடிக்கொள்ளுங்கள். அதன் சாறு பட்ட தோலில் வெயிலும் பட்டால் கொப்புளம் போடும். உங்கள் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தத் தடவை விதை பொய்த்த பாத்தியில் பனங்கொட்டையைப் புதைத்து வையுங்கள். அதற்குக் குளிரும் வேண்டாம், லண்டன் தங்கையும் வேண்டாம்.