பேலோட்: பயன்சுமை

ஓர் ஊர்தி சுமந்து செல்லும் எடையில், எதைக் கொண்டுசேர்ப்பதற்காக அந்தப் பயணமே நடக்கிறதோ அந்தப் பகுதிக்குப் பெயர் பேலோட். வண்டியின் சொந்த எடை இதில் சேராது. எரிபொருளும் சேராது.

இன்று ராக்கெட்டோடு ஒட்டிக்கொண்ட சொல்லாகிவிட்டாலும், பிறந்த இடம் லாரித் தொழில். ஏற்றும் பாரத்தில் வாடகை கிடைக்கிற பாரம் என்ற பொருளில் 1910-களில் ஆங்கிலத்தில் புழக்கத்துக்கு வந்தது. நம்மூர் லாரியின் ஆர்.சி. புத்தகத்தில் வெற்று எடை, மொத்த எடை என்று இரண்டு எண்கள் இருக்குமே, அவற்றின் வித்தியாசம்தான் கிட்டத்தட்ட இது. பிறகு விமானத்துக்குப் போய்ப் பயணிகளையும் தபால் மூட்டைகளையும் குறித்தது. 1930-களில் விமானம் சுமக்கும் குண்டுகளுக்கும் அதே பெயர் வந்தது. குண்டுக்கு யாரும் வாடகை கொடுப்பதில்லை. ஆக, அப்போதே ‘கூலி’ நழுவி ‘நோக்கம்’ முன்னுக்கு வந்துவிட்டது. வணிக விண்பயணம் வளர வளர, விட்டுப்போன கூலியும் திரும்பச் சேர்ந்துகொண்டது.

சொல்லைப் பிரித்தால் ‘பே’யின் வேர் இலத்தீன் ‘பாகாரே’: சமாதானப்படுத்துதல். கடன் கொடுத்தவரைச் சமாதானப்படுத்துவதுதான் பணம் செலுத்துவதாக மாறியது. ‘லோட்’ பழைய ஆங்கிலத்தில் ‘லாட்’: வழி, பயணம், கொண்டுசெல்லுதல். சுமை என்ற பொருள் பின்னால் ஏறியது.

தமிழில் தாங்குசுமை, ஏற்புச்சுமை, பயன்சுமை ஆகிய மூன்றும் புழங்குகின்றன. செய்தித்தாள்கள் பெரும்பாலும் ‘ஆய்வுக் கருவிகள்’ என்று எழுதி முடித்துக்கொள்கின்றன. ‘தாங்குசுமை’ சரியாகப் பொருந்தவில்லை. ராக்கெட்டின் முதல் அடுக்கு தனக்கு மேலுள்ள அடுக்குகளையும் தாங்குகிறது. அவை பேலோட் அல்லவே. ‘ஏற்புச்சுமை’க்கும் இதே குறை. ‘சரக்கு’ என்பது விண்வெளி நிலையத்துக்கு உணவும் உடையும் கொண்டுபோகும் டிராகன், சிக்னஸ் போன்ற கலங்களுக்குச் சரி. தொலைநோக்கியைச் சரக்கு என்றால் ஒட்டாது (சரக்குக்கு நம் ஊரில் இருக்கும் இன்னொரு பொருளைச் சொல்லவே வேண்டாம்). ‘பயன்சுமை’தான் இரண்டு பாதியையும் காப்பாற்றுகிறது. பயன் என்பதில் உபயோகமும் உண்டு, கைம்மாறும் உண்டு. பிரதிபலனை எடைபோட்டுப் பார்க்காதவர்களைக் குறள் ‘பயன்தூக்கார்’ என்கிறது.

‘ஆய்வுக் கருவிகள்’ ஏன் போதாது என்பதற்குச் சந்திரயான்-3 நல்ல உதாரணம். 2023 ஜூலை 14 அன்று ஏவப்பட்டது. எல்.வி.எம்.3 ராக்கெட்டின் புறப்பாட்டு எடை சுமார் 640 டன். அதன் கணக்கில் பயன்சுமை 3,900 கிலோ, அதாவது முழு விண்கலமும். அந்த விண்கலத்தில், லேண்டரை நிலவின் சுற்றுப்பாதைவரை கொண்டுசெல்லும் உந்துகலன் 2,148 கிலோ. அதற்கு லேண்டர்தான் முதன்மைப் பயன்சுமை. ரோவரையும் சேர்த்து 1,752 கிலோ. லேண்டருக்கு, அதன் கருவிகள் போக 26 கிலோ ரோவரும் பயன்சுமை. ரோவரின் கணக்கில் மிஞ்சுவது ஏ.பி.எக்ஸ்.எஸ்., லிப்ஸ் என்ற இரண்டு கருவிகள். எந்த ஊர்தியின் கணக்கு என்று தெரியாமல் ‘பேலோட் எவ்வளவு’ என்று கேட்டால் ஒரே பயணத்துக்கு நான்கு விடை வரும். செயற்கைக்கோள் தொழிலில் இதை இரண்டாகப் பிரித்துப் பேசுவார்கள்: கேமரா, டிரான்ஸ்பாண்டர் (சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி) போன்றவை பேலோட், அவற்றுக்கு மின்சாரம், திசை, வெப்பக் கட்டுப்பாடு தருகிற உடல் ‘பஸ்’.

அடுத்த குழப்பம் எண்ணில். ஃபால்கன் 9 புறப்படும்போது சுமார் 549 டன். பூமிக்கு அருகிலுள்ள தாழ்புவிப் பாதைக்கு அதிகபட்சம் 22.8 டன் என்று ஸ்பேஸ்எக்ஸ் சொல்கிறது. அது முதல் அடுக்கைக் கடலில் தொலைத்துவிடும் கணக்கு. செயற்கைக்கோள் வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் உயரமான புவிநிலைப் பாதைக்கு மாற்றிவிடும் நீள்வட்டத்துக்கு என்றால் 8.3 டன். முதல் அடுக்கைக் கப்பலில் இறக்கி மீட்பதென்றால் அதுவும் 5.5 டன்தான், ஏனென்றால் இறங்குவதற்கான எரிபொருளை மிச்சம் வைத்தாக வேண்டும். கால்களும் துடுப்புகளும் வேறு எடை. எனவே எந்தப் பாதைக்கு, மீட்டா மீட்காமலா, செயற்கைக்கோளை ராக்கெட்டோடு பிணைக்கும் இணைப்பு வளையத்தின் எடை சேர்த்தா என்ற மூன்றையும் கேட்காமல் இரண்டு ராக்கெட்டுகளின் பயன்சுமையை ஒப்பிடக் கூடாது. விளம்பரத் தாள்கள் எப்போதும் பெரிய எண்ணைத்தான் போடும். கடைசி அடுக்கில் ஒரு கிலோ கூடினால் பயன்சுமையில் ஒரு கிலோ அப்படியே போய்விடும். முதல் அடுக்கில் பல கிலோ கூடினால்தான் ஒரு கிலோ போகும். பொறியாளர்கள் மேல் அடுக்கின் திருகாணியைக்கூட எண்ணிப் பார்ப்பது இதனால்தான்.

கூட்டாகப் பயணம் செய்யும் சிறிய செயற்கைக்கோள்களிடம்தான் ‘பே’ பச்சையாகத் தெரிகிறது. 2021 ஜனவரி 24 அன்று டிரான்ஸ்போர்ட்டர்-1 பயணத்தில் ஃபால்கன் 9 ஒரே தடவையில் 143 செயற்கைக்கோள்களை விட்டது. அன்றைய கட்டணம் 200 கிலோ வரை 10 லட்சம் டாலர், அதற்குமேல் கிலோவுக்கு 5,000 டாலர். பங்குப் பயணி பெரிய செயற்கைக்கோளுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்பது முதல் விதி. 10 செ.மீ. கனசதுரமான கியூப்சாட் ஏவும்போது முழுக்க அணைந்திருக்க வேண்டும். பெட்டியிலிருந்து வெளியே தள்ளப்படும்போது ஓர் அழுத்து விசை விடுபட்டுத்தான் மின்சாரம் வரும். ஆண்டெனாவை விரிக்க 30 நிமிடம், சிக்னல் அனுப்ப 45 நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்த விசை சரியாக விடுபடாவிட்டால் கியூப்சாட் கடைசிவரை விழிக்காது. யாரும் போய்த் தட்டி எழுப்பவும் முடியாது.

சுமக்கக் கூடாததைச் சுமந்தால் என்ன ஆகும் என்பதற்கு பி.எஸ்.எல்.வி. சி-39. செயற்கைக்கோளை மூடியிருக்கும் வெப்பக் கவசம், காற்று மெலிந்த உயரத்தில் பிரிந்து விழ வேண்டும். 2017 ஆகஸ்ட் 31 அன்று அது பிரியவில்லை. சுமார் ஒரு டன் உபரி எடையோடு ராக்கெட் தேவையான வேகத்தை எட்டவில்லை. ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்.-1எச் என்ற வழிகாட்டிச் செயற்கைக்கோள் கட்டளைப்படி விடுபட்டது, ஆனால் மூடிய கவசத்துக்கு உள்ளேயே.

பயனற்ற எடை பயன்சுமைக்கு இடமானதும் உண்டு. 2022 ஜூன் 30 அன்று பி.எஸ்.எல்.வி. சி-53 தன் செயற்கைக்கோள்களை விட்ட பிறகு, வேலை முடிந்த நான்காம் அடுக்கையே இஸ்ரோ ‘போயம்’ என்ற சுற்றுத்தளமாக ஓட்டியது. அதில் பொருத்திய ஆறு பயன்சுமைகளில் டிகந்தரா, துருவா ஸ்பேஸ் என்ற இரண்டு இந்திய ஸ்டார்ட்அப்களுடையவையும் இருந்தன.

மனிதர் பயன்சுமையா? நாசாவின் விண்ணோடத்தில் (ஸ்பேஸ் ஷட்டில்) ‘பேலோட் ஸ்பெஷலிஸ்ட்’ என்றொரு பதவி இருந்தது. கருவியோடு போய் அதை இயக்குபவர், நாசாவின் நிரந்தர விண்வெளி வீரர் அல்லாதவர். 1984 ஆகஸ்ட்டில் மெக்டோனல் டக்ளஸ் நிறுவனத்தின் சார்லஸ் வாக்கர், மருந்துப் பொருள்களைத் தூய்மையாகப் பிரிக்கும் கருவியோடு அப்படிப் போனார். ஒரு நிறுவனத்தின் ஊழியராக விண்வெளிக்குப் போன முதல் ஆள். இதைப் ‘பயன்சுமை வல்லுநர்’ என்று எழுதலாம். காசு கொடுத்துப் போகிற சுற்றுலாப் பயணியோ அமெரிக்கச் சட்டப்படி ‘விண்பயணப் பங்கேற்பாளர்’. ஆபத்துகளை எழுத்தில் தெரிவித்துக் கையெழுத்து வாங்கிய பிறகே அவரை ஏற்ற முடியும். அந்தச் சட்டத்தில் பயன்சுமை என்பது பொருளுக்கு மட்டும்.

கூடவே வரும் சொற்கள்: ‘பேலோட் ஃபேரிங்’ என்பதற்கு ‘வெப்பக் கவசம்’ ஏற்கெனவே நிலைத்துவிட்டது, மாற்ற வேண்டாம். ‘பேலோட் அடாப்டர்’ இணைப்பு வளையம். ‘பேலோட் கெப்பாசிட்டி’ பயன்சுமைத் திறன். சோதனைப் பயணங்களில் செயற்கைக்கோளுக்குப் பதிலாக வைக்கும் எடைக்குப் ‘போலிச் சுமை’ என்றே எழுதலாம். 2018 பிப்ரவரியில் ஃபால்கன் ஹெவியின் முதல் பயணத்தில் அந்த இடத்தில் உட்கார்ந்து போனது ஒரு டெஸ்லா கார்.