படத்தில் இல்லாததைப் பாருங்கள்: இணைய ஏலத்தில் பழங்காசு வாங்கும் முன்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, கடை சாத்தும் நேரத்தில் ஒரு தம்பி வந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். கைப்பேசியை நீட்டி, "சார், இன்னும் நாப்பது நிமிஷத்துல ஏலம் முடியுது. கேக்கலாமா, விட்டுடலாமா?" என்றார். திரையில் ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட 1918-ம் வருட வெள்ளி ரூபாய். கீழே 'நூறாண்டு பழமை, மிக அரிது' என்று எழுதியிருந்தது. ஏலம் அதற்குள் அன்றைய வெள்ளி விலையைப்போல மூன்று மடங்கைத் தாண்டியிருந்தது.

திருச்சியில் இருபது வருடத்துக்கு மேலாகப் பழங்காசு வாங்கி விற்கிறேன், மதிப்புப் போட்டும் கொடுக்கிறேன். இந்த நாற்பது நிமிடக் கேள்வி இப்போதெல்லாம் வாரத்துக்கு இரண்டு முறையாவது வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தத் தம்பியிடம் முதலில் சொன்னது இதுதான்: 1918-ல் பம்பாய், கல்கத்தா இரண்டு அக்கசாலைகளிலும் சேர்த்து அடித்த வெள்ளி ரூபாய் 40 கோடிக்கும் மேல். முதல் உலகப்போர் நேரம், இந்தியாவில் வெள்ளிக்குக் கடும் தட்டுப்பாடு. அமெரிக்கா அந்த வருடம் பிட்மன் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்து, தன் கருவூலத்தில் இருந்த வெள்ளி டாலர்களை ஏறக்குறைய 27 கோடி உருக்கியது. அதில் பெரும்பகுதி பிரிட்டன் வழியாக இந்தியாவுக்குத்தான் வந்தது. நம் பாட்டி சுருக்குப்பையில் வைத்திருந்த ராஜா காசில் அமெரிக்க டாலர் கலந்திருக்க இடமுண்டு. கதை அருமை. ஆனால் 40 கோடி அடித்த காசை அரிது என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

வயதுக்கும் விலைக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. இதை எங்கள் பக்கத்துக் காசை வைத்தே சொல்லலாம். ராஜராஜன் செப்புக்காசு, ஒருபுறம் நிற்கும் உருவம், மறுபுறம் உட்கார்ந்த உருவம், பக்கத்தில் நாகரியில் ஸ்ரீ ராஜராஜ என்ற எழுத்து. வயது ஆயிரம் ஆண்டு. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அவ்வளவு கிடைத்திருப்பதால், சுமாரான ஒன்றைச் சில நூறு ரூபாய்க்கே வாங்கிவிடலாம். அதே சமயம் 1911-ம் வருட ஒரு ரூபாய்க்கு எப்போதும் கூடுதல் விலைதான். அரசர் அங்கியில் இருந்த யானை உருவம் பன்றி மாதிரித் தெரிகிறது என்று மக்கள் கொதித்துப்போய், அரசு அந்தக் காசைத் திரும்பப் பெற்று, அடுத்த வருடம் யானையைத் திருத்தி அடித்தது. வெளியே தங்கியவை கொஞ்சம்தான். எத்தனை மிஞ்சியது, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்ற இரண்டும்தான் விலையைத் தீர்மானிக்கும்.

இணைய ஏலங்களில் அடிக்கடி வரும் இன்னொன்று, 'மூழ்கிய கப்பல் புதையல்'. 1808-ம் வருடம் போட்ட கிழக்கிந்தியக் கம்பெனியின் 10 காசு, 20 காசுச் செப்பு நாணயங்கள். பர்மிங்காமில் மாத்யூ போல்டனின் சோஹோ அக்கசாலையில் சென்னை மாகாணத்துக்காக அடித்து, அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பலில் ஏற்றினார்கள். 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரையோரம் குட்வின் மணல்திட்டில் கப்பல் மாட்டி மூழ்கியது. 1980-களில் முத்துக்குளிப்பது போல அந்தக் காசுகளை லட்சக்கணக்கில் அள்ளினார்கள். சென்னைக்கு வரவேண்டிய காசு, ஏறக்குறைய இருநூறு வருடம் தாமதித்து இப்போது கூரியரில் வருகிறது. சான்றிதழ் ஒன்றும் கூடவே வரும். எந்தக் கப்பலில் கிடைத்தது என்பதைத்தான் அந்தத் தாள் சொல்லும், அரிய காசு என்று சொல்லாது. ஆசைக்கு ஒன்று வாங்கி வையுங்கள், நானே வைத்திருக்கிறேன். பத்து வருடத்தில் பத்து மடங்கு ஆகும் என்ற கணக்கில் மட்டும் வாங்காதீர்கள்.

விலை தெரிந்துகொள்ள, விற்பனைக்குப் போட்டிருக்கும் பட்டியலைப் பார்த்துப் பயனில்லை. ஒரே காசுக்கு ஒருவர் ஐந்நூறு கேட்பார், இன்னொருவர் ஐந்து லட்சம் கேட்பார். கேட்பதற்குக் காசா பணமா? முடிந்துபோன ஏலங்களில் என்ன விலைக்குப் போனது என்பதைப் பாருங்கள். பெரிய ஏல நிறுவனங்கள் பழைய முடிவுகளை அப்படியே இணையத்தில் வைத்திருக்கின்றன. அதே வருடம், அதே அக்கசாலைக் குறி (எங்கே அடித்தது என்று காட்டும் அடையாளம்), அதே தரம் உள்ள நாலைந்து முடிவுகளை எடுத்தாலே ஒரு நிதானம் கிடைத்துவிடும்.

சரி, அரிதான காசுதான், விலையும் நியாயம்தான் என்று வைத்துக்கொள்வோம். இனிமேல்தான் நான் அதிக நேரம் செலவழிக்கும் இடம். படத்தில் என்ன இருக்கிறது என்பதைவிட, என்ன இல்லை என்றுதான் பார்ப்பேன். எடை போட்டிருக்கிறார்களா? விளிம்பின் படம் உண்டா? இரண்டு பக்கமும் ஒரே காசின் படம்தானா? பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. 1940 முதல் 1945 வரை அடித்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் பாதிதான் வெள்ளி, 1947 ரூபாய் முழு நிக்கல், அது காந்தத்தில் ஒட்டும். தேய்ந்த காசு கொஞ்சம் எடை குறையலாம். விக்டோரியா ரூபாய் ஒன்று பத்தரை கிராம் காட்டினால் அதைத் தேய்மானம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

போலிகளில் ஏராளமானவை வார்ப்படம். அசல் காசை வைத்து அச்சு எடுத்து, உலோகத்தை ஊற்றி எடுப்பது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் பரப்பில் ஊசி முனை அளவு குழிகள் தெரியும், எழுத்தின் ஓரம் சோப்புக்கட்டி மாதிரி மழுங்கியிருக்கும். விளிம்பில் இரண்டு பாதி சேர்ந்த கோடு ஓடும், அதை அரத்தால் ராவி மறைத்திருப்பார்கள். அதனால்தான் விளிம்புப் படம் கேட்கிறேன். கேட்டும் அனுப்பாதவரிடம் நான் வாங்குவதில்லை.

அடுத்தது சுத்தம் செய்த காசு. இங்கேதான் நம் ஊர்க்காரர்கள் பணத்தை அதிகம் இழக்கிறார்கள். வெள்ளியை விபூதி போட்டுத் தேய்ப்பதும், செம்பைப் புளி போட்டு விளக்குவதும் நமக்குக் கை வந்த பழக்கம். குத்துவிளக்குக்கு அது சரி. காசில் அந்தத் தேய்ப்பு ஆயிரம் மெல்லிய கீறல்களாகத் தங்கிவிடும். அக்கசாலையிலிருந்து வந்தபோது இருந்த, சாய்த்தால் உருளுவதுபோலத் தெரியும் அந்தப் பளபளப்பு போனால் போனதுதான். இரண்டு காசு ஒரே வருடம், ஒரே தேய்மானம் என்றாலும், தேய்த்ததற்குப் பாதி விலைகூடக் கிடைக்காமல் போவதுண்டு. படத்தில் காசு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வெளுத்துப் பளிச்சென்று இருந்தால் சந்தேகப்படுங்கள். காசைச் சாய்த்து, ஒரே விளக்கின் கீழ் எடுத்த காணொளி கேளுங்கள். காசுமாலையிலிருந்து கழற்றிய காசுகளில் தலைக்கு மேல், பன்னிரண்டு மணி இடத்தில் பற்றவைத்த தடம் இருக்கும். விற்பவர்கள் அந்த இடத்தைக் கச்சிதமாக விரலால் மறைத்துப் பிடித்திருப்பார்கள்.

பிளாஸ்டிக் உறையில் மூடி, 70-க்கு இத்தனை என்று தர எண் போட்டு வரும் காசுகளுக்கும் ஒரு வார்த்தை. என்ஜிசி, பிசிஜிஎஸ் போன்ற, காசுக்குத் தரம் போடும் அமெரிக்க நிறுவனங்கள் நம்பகமானவைதான். உறையையே போலியாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். உறையின் எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் தட்டிப் பாருங்கள், படம் இருந்தால் கீறலுக்குக் கீறல் ஒப்பிடுங்கள்.

காசு வீட்டுக்கு வந்ததும் ஒரு சோதனை. 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு போதும். தராசின் மேல் ஒரு தம்ளரில் தண்ணீர் வைத்து, தராசைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். காசை நூலில் கட்டி, அடியில் படாமல் முழுக்கத் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். 91.7 பங்கு வெள்ளி உள்ள 11.6 கிராம் ரூபாய்க்குத் தராசு 1.12 அளவில் காட்டும். அதே காசு 1.3 காட்டினால் அது ஜெர்மன் சில்வர் வகையறா, பெயரில் மட்டும்தான் வெள்ளி. கீறல் இல்லை, அமிலம் இல்லை, உரைகல்லும் வேண்டாம். திருப்பி அனுப்பும் வசதி உண்டா என்பதை ஏலம் கேட்கும் முன்பே பார்த்துக்கொண்டால்தான் இந்தச் சோதனைக்கு அர்த்தம்.

பில்லையும் முன்கூட்டியே போடுங்கள். பத்தாயிரத்துக்கு ஏலம் முடிந்தால் நீங்கள் கட்டுவது பத்தாயிரம் அல்ல. ஏல நிறுவனத்தின் கமிஷன் 20 விழுக்காடு என்றால் பன்னிரண்டாயிரம், அதற்கு மேல் வரி, கூரியர், காப்பீடு. வெளிநாட்டிலிருந்து வந்தால் சுங்கம். பிறகு விற்கும்போது விற்பவர் கமிஷன் தனி.

'அமராவதி ஆற்றில் போன வாரம் கிடைத்தது' என்று சங்ககாலச் சதுரக் காசும் ரோமானியக் காசும் விற்கிறார்கள். கரூர்ப் பக்கம் அவை கிடைப்பது உண்மை, அந்த உண்மையின் மேல்தான் போலியும் ஓடுகிறது. அசலாகவே இருந்தாலும், மண்ணில் கிடைத்த புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ம் வருடச் சட்டம் சொல்கிறது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசு 1972-ம் வருடத் தொல்பொருள் சட்டத்தில் வரும், தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது.

ராமர் பட்டாபிஷேகம் போட்ட '1818 கிழக்கிந்தியக் கம்பெனி அரை அணா' பற்றி நீட்ட வேண்டியதில்லை. கம்பெனி அப்படி ஒன்றை வெளியிடவே இல்லை. காசுக்கு அபூர்வ சக்தி உண்டு, காந்தம் மாதிரி அரிசியை இழுக்கும் என்பவரைக் கண்டால் நடையைக் கட்டுங்கள். உங்கள் பழைய காசுக்கு லட்சம் தருகிறோம், முதலில் வரி கட்டுங்கள் என்று ரிசர்வ் வங்கி பெயரில் வரும் அழைப்பும் மோசடிதான். ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் இதை எச்சரித்து அறிக்கை விட்டது.

எனக்கும் அடி விழுந்திருக்கிறது. தொழிலுக்கு வந்த ஏழாவது வருடம், மீன் சின்னம் போட்ட பாண்டியர் சதுரக் காசுகள் ஆறு, ஒரே லாட்டாக ஏலத்தில் எடுத்தேன். படத்தில் களிம்பு அவ்வளவு அழகாக இருந்தது. பிரித்து வரிசையாக அடுக்கியபோது, மூன்றில் ஒரே இடத்தில் ஒரே பள்ளம். ஒரே அச்சில் ஊற்றியவை. களிம்பு ஈரத்துணியில் ஒட்டிக்கொண்டு வந்தது. மேசைக் கண்ணாடிக்கு அடியில் இன்னும் வைத்திருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் அதைத்தான் முதலில் விலை கேட்கிறார்கள்.

அந்தத் தம்பி அன்று ஏலம் கேட்கவில்லை. நாலு நாள் கழித்துப் போன் செய்தார். லால்குடியில் பாட்டி வீட்டுப் பூஜையறைக் கலசத்துக்குள் ராஜா காசு மூன்று இருந்ததாம். இரண்டு 1918, ஒன்று 1920.

"கறுத்துப் போயிருக்கு சார். பாட்டி விபூதி எடுத்துக்கிட்டு வர்றாங்க" என்றார்.

"ஓடிப்போய் வாங்கி வைப்பா" என்றேன்.