புகையானுக்குப் பூஞ்சை: எப்போது அடிப்பது, எதை அடிக்காமல் இருப்பது

மலேசியாவில் பாகான் செராய் வட்டாரத்தில் செம்பனையும் நெல்லும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. பயிர்ப் பாதுகாப்பு ஆலோசகராக இரண்டு பக்கமும் போய்வருகிறேன். தோட்டத்து ஆட்களுக்குப் பூஞ்சை மருந்து புதிதல்ல. மறுநடவுக்காகச் சாய்த்த செம்பனை மரங்களை எரிக்காமல் மக்க விடுகிறோம். அந்தக் குவியலில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும். அதற்கு மெட்டாரைசியம் என்ற பூஞ்சையைப் போட்டால், பருத்த வெள்ளைப் புழு விறைத்துச் செத்து, மேலெல்லாம் பச்சைத் தூள் பூத்துக் கிடக்கும். அதைக் கண்ணால் பார்த்தவர்கள் இப்போது நெல் வயலில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சிக்கும் கேட்கிறார்கள்.

கேட்பது நல்லதுதான். ஆனால் வண்டுப் புழு நிழலிலும் ஈரத்திலும் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் கிடக்கும். வயல் பூச்சி அப்படியா? மேலே வெயில், காற்று. வாரத்துக்கு ஒரு மருந்து வேறு.

மெட்டாரைசியமும், பிவேரியா பேசியானா என்ற இன்னொரு பூஞ்சையும் பூச்சியின் வயிற்றுக்குள் போய் வேலை செய்வதில்லை. பூஞ்சையின் வித்து (விதை போன்ற நுண்தூள்) பூச்சியின் தோலில் ஒட்ட வேண்டும். ஈரம் இருந்தால் முளைக்கும். முளைத்தது நொதிகளைச் சுரந்து தோலைக் கரைத்துத் துளைத்து உள்ளே இறங்கும், ரத்தத்தில் பெருகும். நான்கிலிருந்து ஏழு நாளில், சில சமயம் இன்னும் தாமதமாக, பூச்சி சாகும். காற்றில் ஈரம் இருந்தால் பிணத்தின் கணுக்களில் முதலில் வெள்ளையாக நூல் கிளம்பும். பிவேரியா வெள்ளையாகவே நிற்கும், மெட்டாரைசியம் பச்சையாக மாறும். அந்தத் தூள் அடுத்த பூச்சிக்குப் போகும். 1835-லேயே இத்தாலியில் அகொஸ்தினோ பஸ்ஸி பட்டுப்புழு நோய்க்குக் காரணம் இப்படியொரு பூஞ்சைதான் என்று காட்டிவிட்டார். 1879-இல் ரஷ்ய விஞ்ஞானி மெச்னிகோவ் கோதுமை வண்டில் மெட்டாரைசியத்தைக் கண்டு, அதையே வண்டுக்கு எதிராகத் திருப்ப முயன்றார். அதனால் இதை யாரோ நேற்றுக் கிளப்பிவிட்ட சரக்கு என்று நினைக்க வேண்டாம்.

"அண்ணே, அடிச்சு மூணு நாளாச்சு, ஒண்ணும் சாகலையே" என்று போன் வரும். சாகாதுதான். அந்த ஆத்திரத்தில் நான்காம் நாள் பைரித்ராய்டு வகை ரசாயனப் பூச்சிக்கொல்லி ஒன்றை வாங்கி அடிப்பார்கள். புகையான் கதை அங்கேதான் கெடுகிறது.

புகையான் (இங்கே கடையில் பெனா பெராங் என்றால்தான் புரியும்) தண்ணீருக்குச் சற்று மேலே, அடித்தண்டில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். முட்டையை இலை உறைக்குள் சொருகி வைக்கும். மேலே அடிக்கும் மருந்து முட்டையைத் தொடாது. ஆனால் சிலந்தி சாகும், புகையான் முட்டையைக் குடிக்கும் பச்சை நாவாய்ப்பூச்சி சாகும். ஒரு வாரத்தில் குஞ்சு வெளியே வரும்போது தின்ன ஆளில்லை. அப்புறம் வட்டம் வட்டமாகப் பயிர் காய்ந்து, தீ வைத்தது போல ஆகிவிடும். யூரியா அதிகம் போட்ட வயலில் இன்னும் மோசம். இந்தோனேசியாவில் இதே பாடம் பெரிய அளவில் நடந்தது. 1986-இல் அதிபர் சுகார்தோ நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தார். சிலந்திக்காக அல்ல, அரிசிக்காக.

என் கருத்தில் பூஞ்சையின் பெரிய பலனே இதுதான்: சிலந்திக்குப் பெரிய சேதம் வராமல் ஏதாவது செய்ய வழி கிடைக்கிறது. விதைத்து நாற்பது நாள் வரை இலைச்சுருட்டுப் புழுவைப் பார்த்துக் கை அரிக்கும். அந்த வயதில் பயிர் பெரும்பாலும் தானே ஈடு செய்துகொள்ளும், ஒன்றும் அடிக்க வேண்டியதில்லை. ஆனால் பக்கத்து வயல்காரர் அடிக்கும்போது சும்மா இருக்க எல்லாராலும் முடியாது. முடியாதவர்கள் பிவேரியா அடியுங்கள், ரசாயனத்தை அலமாரியிலேயே விடுங்கள்.

பார்க்காமல் எதையும் அடிக்க வேண்டாம். வயலில் இறங்கிக் குனிந்து, தூரை விலக்கித் தட்டுங்கள். தண்ணீரில் விழுவதை எண்ணுங்கள். தமிழ்நாட்டு வேளாண் பரிந்துரைப்படி, சிலந்தி இல்லாவிட்டால் தூருக்கு (ஒரு தண்டுக்கு) ஒரு புகையான் பொருளாதாரச் சேத நிலை, அதாவது மருந்தடிக்க வேண்டிய அளவு. குத்துக்கு (பல தண்டுகள் சேர்ந்த ஒரு கொத்துக்கு) ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். பூஞ்சை மெதுவாகத்தான் வேலை செய்யும், அதனால் அந்த எண்ணிக்கையைத் தொடும் முன்பே அடிக்க வேண்டும். வயல் ஏற்கெனவே காய ஆரம்பித்துவிட்டதென்றால் பூஞ்சையை நம்பி உட்காராதீர்கள்.

நேரம்: சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல். வெயிலின் புற ஊதாக் கதிர் வித்தைக் கொன்றுவிடும், இரவுப் பனி முளைக்க வைக்கும். இப்போது எல்லாரும் டிரோன் கூப்பிடுகிறார்கள். எக்டருக்கு இருபது, முப்பது லிட்டரை மேலிருந்து தூவினால் இலை நனையும், அடித்தண்டு நனையாது. இலைச்சுருட்டுப் புழுவுக்கு டிரோன் சரி. புகையானுக்கு முதுகுப் பம்ப்தான், நாசிலைக் கீழே இறக்கிப் பிடியுங்கள். கை வலிக்கும், தெரியும்.

தண்டுக்குள் இருக்கும் குருத்துப்பூச்சிப் புழுவை இது எட்டாது. எல்லாவற்றுக்கும் ஒரே பாட்டில் என்று விற்கிறவரிடம் வாங்காதீர்கள்.

நெல்லுக்குப் பூஞ்சையால் வரும் குலை நோய்க்கு அடிக்கும் பூஞ்சைக்கொல்லியோடு இதைக் கலந்துவிடாதீர்கள். கலந்தால் காசு கொடுத்து வாங்கியதை டாங்கிலேயே கொன்ற மாதிரி. நடுவில் ஒரு வாரமாவது விடுங்கள். சிலர் எதிர்ப்பக்கமாகப் பயப்படுகிறார்கள், பூஞ்சையைத் தெளித்தால் குலை நோய் வந்துவிடுமோ என்று. வராது. இது பூச்சியைப் பிடிக்கும் இனம், குலை நோய் வேறு.

வாங்கும்போது தயாரிப்புத் தேதியையும், மலேசியாவின் 1974 பூச்சிக்கொல்லிச் சட்டப்படியான பதிவு எண்ணையும் பாருங்கள். உள்ளே இருப்பது உயிர். கடை ஜன்னல் வெயிலில் அடுக்கிய பாக்கெட்டை விட்டுவிடுங்கள், வாங்கியதைக் காடியின் (காரின்) பின்பெட்டியில் மறந்து வைக்காதீர்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருப்பதால் முந்தின இரவே பிடித்துத் திறந்து வையுங்கள். தூள் மூச்சில் போகாமல் முகமூடி போடுங்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் கலக்கும் வேலையை வேறு ஆளிடம் கொடுங்கள்.

வேலை செய்ததா என்று தெரிய ஒரு வழி: அடித்து ஐந்தாறு நாள் கழித்து, அடித்தண்டில் ஒட்டிச் செத்த பூச்சிகளைப் பொறுக்கி, ஈர டிஷ்யூ விரித்த பிளாஸ்டிக் டப்பாவில் மூடி நிழலில் வையுங்கள். மூன்று நான்கு நாளில் வெள்ளையோ பச்சையோ பூத்தால் பூஞ்சை பிடித்திருக்கிறது. கறுப்புப் பூஞ்சணம் கணக்கில் வராது. ஒன்றிலும் பூக்கவில்லை, அடித்த நேரமும் சரி, வேறு எதுவும் கலக்கவும் இல்லை என்றால், பாக்கெட்டையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.