பள்ளியில் நடத்தைத் திட்டம்: ஒற்றை ஆளாக எழுதினால் ஓடாது

"பையன் கடிக்கிறான், வகுப்பை விட்டு ஓடுகிறான், கொஞ்சம் வந்து பாருங்கள்" என்றுதான் பள்ளிகளிலிருந்து பெரும்பாலும் அழைப்பு வரும். நான் போய்ச் சேர்வதற்குள் அந்தக் குழந்தையைப் பற்றி நாலு பேர் நாலு முடிவுக்கு வந்திருப்பார்கள். உட்காருவது, எழுதுவது போன்ற அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், சத்தம், தொடுதல் போன்றவற்றைத் தாங்க முடியாத புலன் சிக்கல் என்பார், ஸ்பீச் தெரபிஸ்ட் சொல்ல வார்த்தை இல்லாத தவிப்பு என்பார், வகுப்பு மிஸ் வீட்டில் கொடுத்த செல்லம் என்பார், பாட்டிக்கு அது கண் திருஷ்டி. நடத்தைப் பகுப்பாய்வாளர், அதாவது ஊரில் ஏபிஏ (பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வு) தெரபிஸ்ட் என்று அழைக்கப்படும் நான், ஐந்தாவது ஆளாகப் போய் ஒரு மூலையில் உட்கார்ந்து, நடத்தைக்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன கிடைத்தது என்று குறித்துக்கொண்டு ஐந்தாவது முடிவைச் சொல்லி, அந்த நடத்தையை மாற்ற யார் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு நடத்தைத் திட்டம் எழுதிக் கொடுப்பேன். எங்கள் தொழிலில் பலர் இதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அங்கேதான் எனக்கு மனத்தாங்கல்.

பல குழந்தைகளைச் சேர்த்து ஒரே குழந்தையாகச் சொல்கிறேன். இரண்டாம் வகுப்பு, ஆட்டிசம், பேச்சு வரவில்லை. எழுதும் வேலை கொடுத்தால் நோட்டைத் தூக்கி எறிவான், பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளுவான், உடனே ஆயாம்மா வெளியே கூட்டிக்கொண்டு போய்விடுவார். என் தாளில் விடை தெளிவாக இருக்கும்: எழுத்திலிருந்து தப்பிக்கக் கிள்ளுகிறான், கிள்ளினால் தப்பிக்க முடிகிறது. தப்பில்லாத விடைதான், ஆனால் எழுத்து ஏன் அவனுக்கு அவ்வளவு கசக்கிறது என்பதற்கு அந்தத் தாளில் ஒரு வரிகூட இருக்காது. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் வந்து பார்த்தால் பெஞ்சு உயரமாக இருக்கிறது, கால் தரையில் படவில்லை, உடம்பை நிமிர்த்திப் பிடிக்கவே பாதி பலம் போய்விடுகிறது, பென்சிலை அழுத்தி எழுத விரலில் தெம்பில்லை என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். காலுக்கு அடியில் ஒரு பலகை வைத்து, எழுதும் அளவைக் குறைத்தாலே கிள்ளுவதற்கான காரணம் பாதி கழிந்துவிடும். அதை விட்டுவிட்டு "எழுதி முடித்தால் ஸ்டிக்கர்" என்று ஆரம்பித்தால், வலிக்கிற வேலையைச் செய்யச் சொல்லி லஞ்சம் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

மீதிப் பாதிக்கு ஸ்பீச் தெரபிஸ்ட் வேண்டும். 1985இல் கார், டியூராண்ட் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு எங்கள் துறையில் எல்லோரும் படித்தது. வேலை கடினமாக இருப்பதால் அடம்பிடிக்கும் குழந்தைக்கு "எனக்குப் புரியவில்லை" என்று சொல்லி உதவி கேட்கக் கற்றுக்கொடுத்தார்கள், அடம் குறைந்தது. ஆனால் அவன் தேவைக்குச் சம்பந்தமில்லாத வாக்கியத்தைக் கற்றுக்கொடுத்தபோது குறையவில்லை. எந்தத் தேவை என்று கண்டுபிடிப்பது என் வேலை. அதை அந்தக் குழந்தை எப்படிச் சொல்ல முடியும், படமா, கைச்சைகையா, படத்தைத் தொட்டால் குரல் கொடுக்கும், சென்னையில் உருவான ஆவாஸ் மாதிரி ஒரு செயலியா, வீட்டில் தமிழும் வகுப்பில் ஆங்கிலமுமாக இருக்கும் பிள்ளைக்கு எந்த மொழியில், இதெல்லாம் அவர் கைவந்த கலை. நடைமுறையில் என்ன நடக்கிறது? தெரபி சென்டரில் ஒரு பட அட்டை, பள்ளியில் நான் செய்த வேறு அட்டை, வீட்டில் அம்மா ஃபோனில் இன்னொன்று. மூன்று இடத்தில் மூன்று விதமாகக் கேட்கச் சொன்னால், குழந்தை எல்லா இடத்திலும் செல்லுபடியாகிற கிள்ளலுக்கே திரும்பிவிடும்.

இன்னொன்று. ஏபிஏ ஆட்களுக்குக் கடலை, முறுக்கு, ஜெம்ஸ் மிட்டாய் என்று பரிசு கொடுக்கும் பழக்கம் உண்டு. மென்று விழுங்குவதில் சிக்கல் உள்ள குழந்தைக்கு இது மூச்சடைக்கும் ஆபத்து. விழுங்குவதைப் பரிசோதிப்பதும் ஸ்பீச் தெரபிஸ்ட்டின் வேலைதான் என்பது நிறையப் பேருக்குத் தெரிவதே இல்லை.

மருத்துவரை விட்டுவிட்டு எதையும் தொடங்கக் கூடாது. திடீரென்று தலையில் அடித்துக்கொள்ளும், பேசத் தெரியாத குழந்தைக்குக் காதுவலியோ பல்வலியோ மலச்சிக்கலோ இருக்கலாம். சில நொடி வெறித்துப் பார்த்துவிட்டுத் திரும்பும் பிள்ளையை "சொன்னால் கேட்க மாட்டேங்கிறான்" என்று திட்டுகிறார்கள், அது ஒருவகை வலிப்பாகவும் இருக்கலாம். மருந்தும் நடத்தையை மாற்றும். ஆட்டிசக் குழந்தைகளின் கடும் எரிச்சலுக்காக அமெரிக்காவில் 2006இல் அனுமதி பெற்ற ரிஸ்பெரிடோன் பசியைக் கிளப்பிவிடும். அதைத் தொடங்கிய பிள்ளை அடுத்தவன் டிபன் பாக்ஸைத் திறந்தால் பள்ளி அதற்குத் திருட்டு என்று பெயர் வைக்கும், நானோ அதற்கும் ஒரு வரைபடம் போட்டுக்கொண்டிருப்பேன். வலிப்புக்குத் தரும் லெவிடிரசிட்டாம் சில குழந்தைகளிடம் கோபத்தைக் கூட்டும். இதைப் படித்துவிட்டு யாரும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து. எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கேளுங்கள், நாங்கள் குறித்த தாளையும் கொண்டுபோய்க் காட்டுங்கள், பத்து நிமிட ஓபியில் அவருக்கு அதைவிட உதவுவது வேறில்லை.

இனி வகுப்பு ஆசிரியர். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையின் கத்தலைக் "கண்டுகொள்ளாதீர்கள்" என்று எழுதிக் கொடுப்பது எளிது, அதுவும் கவனத்தை நிறுத்தினால் முதலில் கத்தல் கூடிவிட்டுப் பிறகு குறைவதும் உண்டு என்று எங்களுக்கே தெரிந்திருக்கும்போது. அந்தச் சில நாட்கள் மற்ற பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது? அதனால் "இது என் வகுப்பில் நடக்காது" என்று அவர் சொன்னால் திட்டத்தை மாற்றுவதுதான் சரி, அவருக்கு ஒத்துழைப்பு இல்லை என்று அறிக்கையில் எழுதுவது சரியல்ல. குறிப்புத் தாளும் அப்படித்தான். அந்த நடத்தை வந்ததா என்று பீரியடுக்கு ஒரு டிக் போதும், அதற்கு மேல் கேட்டால் மாலையில் மொத்தமாக உட்கார்ந்து ஊகித்து நிரப்புவார்கள், அந்தக் கணக்கால் ஒரு பயனும் இல்லை.

கருத்து வேறுபாடு வரத்தான் செய்யும். குழந்தை அமைதியாக உட்கார ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் எடை கூட்டிய ஜாக்கெட் போடச் சொல்வார், எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. ஸ்டாஃப் ரூமில் வாதாடுவதைவிட, போட்ட நாளும் போடாத நாளுமாகச் சில வாரம் எண்ணிப் பார்க்கலாமே. என் ஸ்டிக்கர் திட்டத்தையும் அவர் அதே தராசில் வைக்கட்டும்.

எங்கள் ஆட்கள் ஒன்றை மறக்கக் கூடாது. 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் சிறப்பாசிரியருக்கும் ஸ்பீச் தெரபிஸ்ட்டுக்கும் பதிவு உண்டு, நடத்தைப் பகுப்பாய்வாளர் என்று தனிப் பிரிவே அங்கு இல்லை. நடத்தைப் பகுப்பாய்வாளர்களுக்குச் சான்று தரும் அமெரிக்க வாரியத்தின் சான்றிதழுக்கும் 2023 முதல் இங்கிருந்து புதிதாக விண்ணப்பிக்க வழியில்லை. ஆக, பள்ளிக்குள் நமக்கென்று தனி அதிகாரம் எதுவும் கிடையாது.

கூடிப் பேசுவது என்றதும் வாட்ஸப் குழு தொடங்கிவிடுகிறார்கள். குழந்தை தரையில் புரண்டு அழும் வீடியோவை அதில் போடாதீர்கள். யார் யாரிடம் எந்தத் தகவலைப் பகிரலாம் என்று பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், மருத்துவரிடம் பேசுவதற்கும் சேர்த்து. ஏப்ரலில் பள்ளி மூடுவதற்குள் ஒரு கூட்டம் போட்டு, அதில் ஜூனில் பொறுப்பேற்கப் போகிற மிஸ்ஸையும் ஆயாம்மாவையும் உட்கார வைத்து, பலகை, அட்டை, டிக் தாள் மூன்றையும் அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.